கிருமி இல்லாத கடுப்பு

மேடையில் பேசக் கூச்சப்படும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறுநீர் போகும்போது எரிச்சல்; போய் முடித்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் ஓர் உணர்வு; அடிவயிற்றிலோ, விதைப்பையிலோ, அதற்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்திலோ விடாத வலி; முக்கால் மணிக்கு ஒருமுறை பாத்ரூம். ஒரு வாரத்தில் போய்விடுகிற தொந்தரவுக்குச் சொற்பொழிவு வேண்டியதில்லை. பலருக்கு இது மாதக்கணக்கில் நீடிக்கிறது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் கொண்டுபோகும் ஃபைலைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ‘கல்ச்சரில் வளர்ச்சி இல்லை’ என்று இரண்டு மூன்று லேப் ரிப்போர்ட். எல்லாம் இயல்பு என்று ஒரு ஸ்கேன். கூடவே ஐந்தாறு மருந்துச் சீட்டுகள். எழுதிய மருத்துவர்கள் வேறு வேறு. மருந்து மட்டும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று ஒரே குடும்பம். கிருமி இல்லை என்று சொல்லும் காகிதமும், கிருமியைக் கொல்ல எழுதிய காகிதமும் ஒரே ஃபைலில் அடுத்தடுத்து இருக்கின்றன. இது யாருக்கும் உறுத்துவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் நிறுவ முயல்வது இதைத்தான். உரிய சோதனைகள் ஒருமுறை ஒழுங்காக முடிந்து, கிருமியும் கல்லும் கட்டியும் இல்லை என்று தெரிந்த பிறகு, மேலும் மேலும் கிருமியைத் துரத்துவது வீண் மட்டுமில்லை, கெடுதல். அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது தொந்தரவையே அளந்து, வகை பிரித்து, வகைக்கேற்ற சிகிச்சைக்குப் போவது. இதற்கான ஆதாரம் கடந்த முப்பது ஆண்டுகளில் கணிசமாகச் சேர்ந்திருக்கிறது. அது மெடிக்கல் ஷாப் கவுன்டர் வரை வந்து சேரவில்லை. இடையில் ஒரு சின்னத் தகவல்: நம் ஊரில் எல்லாரையும் ‘கிட்னி டாக்டர்’ என்றுதான் சொல்கிறோம். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலையில் கோளாறு என்றால் பார்க்க வேண்டியவர் நெஃப்ராலஜிஸ்ட். நீர் தேங்குவது, வெளியேறுவது, அந்தப் பாதையில் வரும் வலி இவற்றுக்கு யூராலஜிஸ்ட். தவறான கதவைத் தட்டிச் சில மாதங்களை இழப்பவர்கள் உண்டு.

ஆண்களிடமிருந்து தொடங்குகிறேன்; ஆராய்ச்சி அங்கேதான் தெளிவாக இருக்கிறது. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி, இளம் வயதில் ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. இந்தப் பகுதியில் நாள்பட்ட வலி என்றாலே புராஸ்டேட்டில் கிருமி என்று நெடுங்காலம் கருதினார்கள். அதைச் சோதிக்க 1968-இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். முதலில் வரும் 10 மில்லி சிறுநீர் ஒரு குப்பியில். நடுவில் வருவது இன்னொன்றில். பிறகு ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியை அழுத்தினால் வரும் சில துளிகள் மூன்றாவதில். அழுத்திய பிறகு வரும் முதல் 10 மில்லி நான்காவதில். கடைசி இரண்டிலும் கிருமி மிகுந்திருந்தால் அது சுரப்பியில் குடியிருக்கிறது என்று பொருள். இப்படித் தேடியபோது கிடைத்தது எதிர்பாராத விடை: வலியோடு வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கிருமி இல்லை. 1995-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கூட்டத்தில் இந்த நோய்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாகத் திடீரென வரும் தொற்று முதல் வகை. ஒரே கிருமி திரும்பத் திரும்ப வருவது இரண்டாவது. கிருமி காணப்படாத நாள்பட்ட இடுப்புக்குழி வலி மூன்றாவது. தொந்தரவே இல்லாமல் சோதனையில் மட்டும் அழற்சி தெரிவது நான்காவது. தொந்தரவோடு வருகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்றாவது வகை. ‘புராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன்’ என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இன்ஃபெக்‌ஷன் இல்லாதவர்கள் என்பது இதன் நேரடிப் பொருள்.

‘கிருமி இருக்கும், உங்கள் சோதனைக்குத்தான் அகப்படவில்லை’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. வலியுள்ள 463 ஆண்களையும், எந்தத் தொந்தரவும் இல்லாத 121 ஆண்களையும் ஒரே முறையில் சோதித்தார்கள். சுரப்பியில் நோய்க்கிருமி இருப்பதாகத் தெரிந்தது வலியுள்ளவர்களில் 8 சதவீதம் பேரிடம். வலி இல்லாதவர்களில்? அதே 8 சதவீதம், இன்னும் துல்லியமாகச் சொன்னால் ஒரு முடி அளவு கூடுதல். சௌக்கியமாக நடமாடுகிறவரிடமும் அதே விகிதத்தில் இருக்கும் கிருமியை வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஃபைலில் ஒரு ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு கிருமி இருந்ததைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்தைக் கொடுத்தே பார்த்துவிட்டார்கள். 2004-இல் 196 ஆண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஒரு பகுதியினருக்கு நீர்ப்பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின், ஒரு பகுதியினருக்கு இரண்டும், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று ஆறு வாரம் கொடுத்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே பல சுற்று மருந்து சாப்பிட்டும் தீராதவர்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஃபைல்காரர்கள் அவர்கள்தாம். 2008-இல் இன்னொரு ஆய்வு. இம்முறை புதிதாக நோய் கண்டறியப்பட்ட 272 பேர், அல்ஃபுசோசின் என்ற மருந்து, 12 வாரம். மருந்து சாப்பிட்டவர்களில் 49.3 சதவீதம் பேருக்குத் தொந்தரவு குறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 49.3 சதவீதம் பேருக்குக் குறைந்தது. தசமப் புள்ளி வரை ஒன்று.

இந்த 49.3-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் ஆட்சேபத்துக்கு விடை இதில் இருக்கிறது. ‘போன முறை அந்த மாத்திரை சாப்பிட்டேன், பத்து நாளில் சரியாகிவிட்டதே’ என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, சரியாகித்தான் இருக்கும். இந்த வலி ஏறி இறங்கும் இயல்புடையது. தாங்க முடியாத உச்சத்தில்தான் எல்லாரும் மருத்துவரிடம் ஓடுகிறோம். உச்சத்திலிருந்து அடுத்த நகர்வு பெரும்பாலும் இறக்கமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் கையிலிருக்கும் மாத்திரைக்குப் பெயர் போய்ச் சேருகிறது. ஒருவர் நம்பிக்கையோடு விசாரித்து, பரிசோதித்து, ஒரு வழி சொன்னதாலேயே உடம்பின் இறுக்கம் சற்றுத் தளர்வதும் உண்டு. போலி மாத்திரைக்காரர்களில் பாதிப்பேர் தேறியது இப்படித்தான். மூன்று மாதத்தில் வலி திரும்பும்போது ‘அந்த மாத்திரை கேட்டது, டோஸ் போதவில்லை’ என்ற முடிவுக்கு வருகிறோம். அடுத்த சுற்று தொடங்குகிறது. ஒருமுறைகூட ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் புதிது, இதுவரை மருந்து சாப்பிடாதவர் என்றால் முழு அளவில் ஒரு சுற்று கொடுத்துப் பார்ப்பதை யூராலஜி வழிகாட்டு நெறிகளே ஏற்கின்றன. பலன் இல்லாதபோது போடும் மூன்றாவது, நான்காவது சுற்றைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்தச் சுற்றுகளுக்கு விலை உண்டு. இந்தக் குடும்ப மருந்துகளால் தசைநாண் வீங்கலாம், அறுந்தும் போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் மருந்தின் தகவல் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. 2016-இல், வேறு வழி இருக்கும்போது சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றது. நம் நாட்டில் இவை இருமல் மருந்துபோல் புழங்குகின்றன. சீட்டு இல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்தப் பல ஆன்டிபயாடிக்குகளை அட்டவணை ஹெச்1-இல் சேர்த்து, தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பழைய அட்டையைக் காட்டி ‘இதே மாத்திரை ஒரு அட்டை’ என்று கேட்டால் கிடைக்காத கடை எத்தனை என்பதை அவையோரே சொல்லலாம். நாளைக்கு அதே ஆளுக்கு உண்மையிலேயே சிறுநீரகத் தொற்று வந்தால், பழகிப்போன கிருமி இந்த மருந்துகளுக்கு மசியாமல் நிற்கலாம்.

சரி, கிருமி இல்லையென்றால் வலி எங்கிருந்து வருகிறது? ஒற்றை விடை கிடையாது. ஆனால் அடிக்கடி அகப்படும், அடிக்கடி தவறவிடப்படும் ஓர் இடம் உண்டு. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரை ஒரு தசைத்தளம் விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, புராஸ்டேட் அல்லது கருப்பை, மலக்குடல் எல்லாம் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. நீரை அடக்கும்போது அது இறுகும். விடும்போது தளர வேண்டும். எரிச்சலுக்குப் பயந்தோ, வெகுநேரம் உட்கார்ந்த இடத்தில் இருந்தோ, ஒரு பழைய தொற்றின் வலி நினைவில் நின்றோ, அது தளர மறந்துவிடுகிறது. நாள் முழுக்க முஷ்டியை இறுக்கிப் பிடித்திருந்தால் கை என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடக்கிறது. நீர் தொடங்கத் தாமதம், மெல்லிய தாரை, முடித்த பிறகும் பாக்கி இருக்கும் உணர்வு, விந்து வெளியேறிய பின் வலி என்று ‘இன்ஃபெக்‌ஷன்’ பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் இறுகிய தசையே உண்டாக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் உதவாது. விரலால் அந்தத் தசையை அழுத்தும்போது ‘இதே வலிதான்’ என்று நோயாளி சொல்வதுதான் சோதனை. எத்தனை ஃபைல்களில் இந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது? ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் இருக்கும். விரல் சோதனை இருக்காது. நோயாளிக்குக் கூச்சம், மருத்துவருக்கு நேரமில்லை.

தசையை ஃபிசியோதெரபி மூலம் தளர்த்தினால் பலன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பை வலி உள்ள 81 பெண்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், இடுப்புத்தளத் தசைகளில் குறிப்பாகச் செய்த சிகிச்சையால் 59 சதவீதம் பேர் தேறினார்கள்; பொதுவான உடம்புப் பிடித்துவிடலால் 26 சதவீதம் பேர். இதற்கு முன்னோட்டமாக 2009-இல் ஆண்களையும் பெண்களையும் சேர்த்துச் செய்த சிறிய ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு வந்தது. 2021-இல் சீனாவில் 440 ஆண்களுக்கு அக்குபங்சர் செய்து பார்த்தார்கள். எட்டு வாரத்தில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 60.6 சதவீதம் பேரும், போலியாக ஊசி வைக்கப்பட்டவர்களில் 36.8 சதவீதம் பேரும் தேறினார்கள். அக்குபங்சரின் தத்துவத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. கிருமியை எதுவும் செய்யாத ஒரு சிகிச்சை, போலிச் சிகிச்சையைத் தெளிவாக முந்தியிருக்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் பார்த்துவிட்டு கீகல் பயிற்சி செய்யத் தொடங்குகிறவர்கள் நிறைய. அது தளர்ந்த தசையை இறுக்குவதற்காக 1948-இல் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய பயிற்சி. பிரசவத்துக்குப் பின் இருமினால் நீர் கசியும் பெண்ணுக்கு நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசைக்கு அதே பயிற்சி வலியைக் கூட்டும்.

ஒரே புகாருக்கு நேர்மாறான இரண்டு வைத்தியம் தேவைப்படும் என்பதால்தான் வகை பிரிப்பதை வற்புறுத்துகிறேன். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கண்கூடு. பெண்களுக்கு உண்மையான தொற்று அடிக்கடி வரும். சிறுநீர்ப் புறவழி குட்டை. கல்ச்சரில் கிருமி வளர்ந்து, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை திரும்ப வருகிறதென்றால் வழிகள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களில் ஒரு பகுதியினரை இன்னும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், மற்றவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறைதான் வந்தது. வேலை செய்யும் இடத்தில் பாத்ரூம் சரியில்லை என்று காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் இருக்கும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம், ஆண்டுக்கு 5.9 தொற்றை 0.5 ஆகக் குறைத்தது என்று 1993-லேயே நிறுவியிருக்கிறார்கள். தினசரி ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக மெத்தனமைன் என்ற பழைய கிருமிநாசினி மாத்திரையே போதும் என்று 2022-இல் 240 பெண்களை வைத்துப் பிரிட்டனில் காட்டினார்கள். ஆனால் கல்ச்சரில் ஒருமுறையும் எதுவும் வளராமல், பை நிரம்ப நிரம்ப வலித்து, நீர் போனதும் குறையும் பெண்ணுக்கு ‘தண்ணீர் நிறையக் குடிம்மா’ என்பது தண்டனை. அவளுக்குச் சிறுநீர்ப்பை வலி நோய்; பையை அடிக்கடி நிரப்பச் சொல்வது வலியை அடிக்கடி வரவழைப்பது. இருவரும் வந்து சொல்லும் வார்த்தை என்னவோ ஒன்றுதான்: நீர்க்கடுப்பு.

வகை பிரிக்க என்ன கருவி வேண்டும்? ஓர் அளவுக் குவளை, ஒரு கடிகாரம், ஒரு தாள். மூன்று நாள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போயிற்று, எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், வலி பத்துக்கு எத்தனை என்று எழுதுவது. உதாரணத்துக்கு ஒரு தாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 6.10-க்கு 350 மில்லி. 7 மணிக்கு 90. காபி. 7.50-க்கு 80. பஸ் ஏறுவதற்கு முன், வராவிட்டாலும், 8.20-க்கு 60. இப்படியே பகல் முழுக்க. இரவு 11-லிருந்து காலை 6 வரை ஒருமுறைகூட இல்லை. மறுநாள் காலை மறுபடியும் 340. இந்த ஒரு தாள் எவ்வளவு சொல்கிறது! பை சுருங்கவில்லை, இரவில் 350 மில்லி தாங்குகிறது. பகலில் உணர்ச்சி மிகுதியும், போகிற இடத்தில் பாத்ரூம் இருக்குமோ என்ற பயமும், பழக்கமும்தான் வேலை செய்கின்றன. இவருக்கு இடைவெளியைக் கால் மணி கால் மணியாக நீட்டும் பயிற்சி பலன் தரும். அவசரமாக வந்து நீர் கசியும் முதிய பெண்கள் 197 பேரை வைத்து 1998-இல் வெளியான ஆய்வில், அவசரத்தை அடக்கப் பழக்கும் பயிற்சி கசிவை 80.7 சதவீதம் குறைத்தது, மாத்திரை 68.5 சதவீதம். தாள் வேறு மாதிரி இருந்தால் கதையும் வேறு. ஒவ்வொரு முறையும் 400, 500 என்று போய் நாளுக்கு 3 லிட்டரைத் தாண்டினால் சிறுநீர்ப்பையைக் குறை சொல்லாதீர்கள்; சர்க்கரை பாருங்கள். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. இரவில் மட்டும் நாலு தடவை எழுந்து, நாளின் மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் போகிறது என்றால், 60 வயதுக்காரருக்குக்கூட அது புராஸ்டேட் ஆக இருக்க வேண்டியதில்லை. கால் வீக்கம், இதயம், குறட்டையோடு வரும் மூச்சுத்தடை இவற்றைப் பார்க்க வேண்டும்.

வலியை அளக்கவும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 1999-இல் வந்தது. ஒன்பது கேள்விகள், பூஜ்யத்திலிருந்து 43 வரை மதிப்பெண். சிகிச்சைக்கு முன் 27, மூன்று மாதம் கழித்து 20 என்றால் பலன் உண்டு. 26 என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும். ‘பரவாயில்லை’, ‘அப்படியேதான் இருக்கு’ என்று பேசிக்கொள்வதைவிட இது உருப்படியானது. 2009-இல் இன்னொரு படி போய், சிறுநீர்த் தொந்தரவு, மன அழுத்தம், உறுப்பின் கோளாறு, தொற்று, நரம்பு, தசை என்று ஆறு தலைப்புகளில் ஒவ்வொருவரையும் பார்த்து, யாருக்கு எது பொருந்துகிறதோ அதற்கு மட்டும் சிகிச்சை தரும் முறையை வகுத்தார்கள். இதன்படி 100 ஆண்களுக்குச் சிகிச்சை தந்ததில் 84 பேருக்கு ஆறு மதிப்பெண்ணாவது குறைந்தது. இங்கே நானே ஓர் ஆட்சேபத்தை எழுப்ப வேண்டும். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சைக் குழு இல்லை. ஆன்டிபயாடிக்கை எந்தத் தராசில் நிறுத்தேனோ அதே தராசில்தான் இதையும் நிறுக்க வேண்டும். 84-இல் ஒரு பங்கு, முன்பு பார்த்த 49.3-இன் சொந்தக்காரர்களாக இருக்கலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், வகை பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்த ஆய்வுகள் வரிசையாகத் தோற்றிருக்கின்றன என்ற உண்மை அசையாமல் நிற்கிறது.

மிகக் கனமான ஆட்சேபம் இனிமேல்தான். ‘கிருமியைத் தேடாதே என்று சொல்லி ஒரு புற்றுநோயையோ காசநோயையோ தவறவிட்டால் யார் பொறுப்பு?’ இதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். சிறுநீரில் ஒருமுறை ரத்தம் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது உட்பட முழுச் சோதனை தேவை. புகைப்பவருக்கும் 50 தாண்டியவருக்கும் இரட்டிப்பாகத் தேவை. சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் பரவும் ஒருவகை ஆரம்பப் புற்று, அச்சாக நீர்க்கடுப்பு வேஷத்திலேயே வரும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், நீர் அடைத்துக்கொள்வது, எடை இறங்குவது, கால்கள் மரத்துப்போவது இவையெல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. சீழ் அணுக்கள் நிறைய, ஆனால் சாதாரணக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால், இந்தியாவில் முதலில் நினைக்க வேண்டியது சிறுநீர்ப்பாதைக் காசநோய். அந்தக் கிருமி சாதாரணக் கல்ச்சரில் வளராது. காலையில் முதலில் போகும் நீரை மூன்று நாள் எடுத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்த நோயாளிக்குக் கொடுக்கும் ஃப்ளாக்சசின் மாத்திரை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைத்து, நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போடும் என்பது கூடுதல் ஆபத்து. கவனியுங்கள்: இந்த ஆட்சேபம் என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை. மாத்திரையை எழுதிவிட்டுச் சோதனையைத் தள்ளிப்போடும் பழக்கத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது.

கல்ச்சரையே முழுக்க நம்பலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமி இருந்தால்தான் தொற்று என்ற கணக்கு 1950-களில் பாஸ்டனில் காஸ் என்பவர் வகுத்தது. கடுப்போடு வரும் இளம்பெண்களுக்கு நூறு இருந்தாலே போதும் என்று 1982-இல் ஸ்டாம் குழுவினர் காட்டினார்கள். ஆரோக்கியமானவர் சிறுநீரிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது இப்போது தெளிவு. ஆகவே மறைந்திருக்கும் தொற்று ஒரு சிலருக்கு இருக்கலாம். லண்டனில் இந்தக் கருத்தின் அடிப்படையில் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பலன் கண்டதாக அறிக்கை வெளியிட்டார்கள். அங்கும் ஒப்பீட்டுக் குழு கிடையாது. மாத்திரை தொடங்கும் முன்பே மாதிரி எடுப்பது, நடுத்தாரையில் பிடிப்பது, தாமதிக்காமல் லேபில் கொடுப்பது என்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்தச் சந்தேகத்தை எழுப்பினால் மதிக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் கல்ச்சருக்குப் போகிறோம்.

‘அப்படியானால் எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா?’ இல்லை. சோதனையில் தெரியாத வலி பொய் வலி ஆகாது. பெரும்பாலான தலைவலிக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதற்காகத் தலைவலி இல்லை என்கிறோமா? நெடுநாள் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகி, சாதாரண உணர்ச்சியையும் வலியாகப் படிக்கத் தொடங்குகிறது. கவலையும் தூக்கமின்மையும் அதைக் கூட்டுகின்றன. மேலே சொன்ன ஆறு தலைப்புகளில் மனம் ஒன்று, ஒன்று மட்டும்தான். மனம் என்ற சொல்லைக் கேட்டதும் கோபித்துக்கொண்டு எழுந்து போகிற ஆண்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருமுறை முகாம் போடும் வைத்தியரிடம். சிறுநீரோடு தாது போகிறது, நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறு என்று மூன்று வாக்கியத்தில் ஒருவனை நொறுக்கி, ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கும் வியாபாரம் அது. இந்தத் தாதுபயத்தை ஒரு தனி நோய்க்குறியாக மனநல மருத்துவர் விக் 1960-லேயே வரையறுத்தார். சுவர் விளம்பரம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை இவர்களோடு சேர்க்க மாட்டேன். ஆனால் இயற்கை மருந்து என்பதற்காகச் சோதனையிலிருந்து விலக்கும் தர மாட்டேன். புராஸ்டேட்டுக்கு அற்புதம் என்று உலகெங்கும் விற்ற ஒரு பனைக்காய்ச் சாறு, 2006-இல் 225 ஆண்களிடம் சோதித்தபோது போலி மாத்திரையைத் தாண்டவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை ஆட்சேபம். ஓபியில் இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது மூன்று நாள் குறிப்பு, ஒன்பது கேள்வி, விரல் சோதனை எல்லாம் நடக்கிற காரியமா என்கிறார்கள். குறிப்பை எழுதுவது நோயாளி. மருத்துவர் அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். ஆறாவது முறை வந்து நிற்கும் அதே நோயாளியை முதல் முறையே சரியாகப் பார்த்திருந்தால் வரிசையில் ஐந்து இடம் மிச்சம். உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது: இடுப்புத்தளத் தசைக்குச் சிகிச்சை தரத் தெரிந்த ஃபிசியோதெரபிஸ்டுகள் பெருநகரங்களுக்கு வெளியே அரிது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபிசியோதெரபி பிரிவு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பயிற்சிதான் இல்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இதில் பயிற்சி கொடுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள் குறிப்புத் தாளைத் தமிழில் அச்சடித்து யூராலஜி ஓபி சீட்டோடு கொடுங்கள். இங்கே வந்திருப்பவர்களில் இந்தத் தொந்தரவோடு உட்கார்ந்திருப்பவர்கள் அச்சடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுத் தாளில் கோடு போட்டு நாளைக் காலையிலேயே எழுதத் தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய ஃபைலுக்கு மேலே அந்தத் தாளை வைத்து, ‘தசையைச் சோதித்துப் பார்ப்பீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.